கண்ணி என்ன அளவு

அரியாங்குப்பம் பாலத்தில் ஏறிய பிறகுதான் என் தலையில் தொப்பி இருப்பது தெரிந்தது. விற்பதற்கு வைத்திருந்த தொப்பி. நோணாங்குப்பத்தில் படகேற வருகிறவர்களுக்குத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் விற்கிற ஒருவரிடம் மூன்று வாரம் வேலை பார்த்தேன். அன்று காலை அவர் என்னைத் திட்டவில்லை, நானும் அவரைத் திட்டவில்லை. தொப்பிகளைக் கயிற்றில் வரிசையாக மாட்டிவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு, வடக்கே பார்த்து நடக்க ஆரம்பித்தேன். எனக்கு மூன்றாவது வாரத்தில் உள்ளங்கால் அரிக்கும். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டதும் இதே அரிப்பால்தான். திரும்பிப் போய்த் தொப்பியைக் கொடுத்துவிடலாமா என்று பாலத்தின் நடுவில் நின்று யோசித்தேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தொப்பி தலைக்கு அளவாக இருந்தது. நடந்தேன்.

போகிற இடம் ஒன்று மனதில் இருந்தது. முந்தின நாள் படுக்கும்போது போனிடம் "முதலியார்பேட்டை வேலை" என்று வாயால் கேட்டேன். அது ஒரு கம்பெனியின் வெப்சைட்டைக் காட்டியது. மேலே ஒரு வெள்ளைக்காரனும் வெள்ளைக்காரியும் ஜன்னல் பக்கம் நின்று சிரித்தார்கள். ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. எழுத்தெல்லாம் இங்கிலீஷ். மூலையில் பிரெஞ்சு என்று ஒன்று, தமிழ் என்று ஒன்று இருந்தது. தமிழை அழுத்தினேன்.

"எங்கள் வலைகள் உலகத்தரம் வாய்ந்தவை. உப்புக் காற்றில் வீணாகாத வலை. இழுத்தாலும் கிழியாத வலை. எல்லா அளவிலும் வலை. இருநூறுக்கும் மேற்பட்ட துடிப்பான ஊழியர்கள். நீங்களும் எங்களுடன் இணையுங்கள்."

நான் கடலூரில் இரண்டு வருஷம் விசைப்படகில் ஐஸ் அள்ளிப் போட்டவன். கிழிந்த வலையைத் தைக்கத் தெரியும். அதோடு, இருநூறு பேர் இருக்கிற இடத்தில் இருநூற்றி ஒன்றாவது ஆள் என்ன செய்கிறான் என்று யாரும் பார்க்க மாட்டார்கள். எனக்கென்றே செய்த கம்பெனி என்று தோன்றியது.

முருங்கப்பாக்கம் தாண்டி முதலியார்பேட்டைக்குள் நுழைந்ததும் வெப்சைட்டில் இருந்த வழிகாட்டியைத் திறந்தேன். அது என்னைச் சந்து சந்தாக அழைத்துப்போய் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் முன்னால் நிறுத்தி, "நீங்கள் வந்து சேர்ந்துவிட்டீர்கள்" என்றது. ஒரு பக்கம் வாய்க்கால். இன்னொரு பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்சுவர். சுவர் ஓரமாகப் பெரிய அண்டாவைச் சாய்த்துப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தவரிடம், "இங்க இருநூறு பேரு வேல செய்யிற எடம் எதுங்க?" என்று கேட்டேன்.

"வேல செய்யிறது நான் ஒருத்தன்தான்" என்றார். "துன்றதுக்கு உள்ள இருநூறு பேரு இருக்கான்."

உள்ளே போய் இருநூற்றி ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டேன். மாப்பிள்ளை வீடா பெண் வீடா என்று யாரும் கேட்கவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டதால் மரியாதையான ஆள் என்று நினைத்திருப்பார்கள். இரண்டாவது முறை பாயசம் வந்தது.

சாப்பிட்ட தெம்பில் விசாரித்து விசாரித்து, நாலு தெரு தள்ளி அந்தக் கம்பெனியைக் கண்டுபிடித்தேன். ஒற்றை ஷட்டர். உள்ளே சுருள் சுருளாகச் சாம்பல் நிறத்திலும் பச்சையிலும் கொசுவலை. சுவரில் சாய்த்த அலுமினியச் சட்டங்கள். கடல் வலை ஒரு முழம்கூட இல்லை. ஜன்னலுக்குக் கொசுவலை அடிக்கிற கடை அது. வெப்சைட்காரன் கொசுவை எங்கேயோ தொலைத்துவிட்டு வலையை மட்டும் தமிழில் போட்டிருக்கிறான்.

திரும்பிப் போயிருப்பேன். உள்ளே இருந்து வந்த சத்தம்தான் நிறுத்தியது.

"அக்கா தங்கச்சியோட பொறந்தவனாடா நீ? செருப்பு பிஞ்சிடும்! வைடா போன!"

கம்ப்யூட்டர் வைத்த மேஜைக்குப் பின்னால் ஓர் இளம்பெண் போனை மேஜையில் அடிக்காத குறையாக வைத்தாள். கண் கலங்கியிருந்தது. எதிரில் அறுபது வயசு மதிக்கிற ஒருவர், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, கத்திரிக்கோலால் வலையை வெட்டிக்கொண்டிருந்தார். அவர்தான் முதலாளி என்று உட்கார்ந்திருந்த விதத்தில் தெரிந்தது.

"பாத்தியா? நான் சொன்னனா இல்லையா?" என்றார் அவர். "ஒரு வருஷமா உன் வெப்சைட்டு ஒரு ஆர்டர் கொண்டாந்துச்சா? தெனம் நாலு பொறுக்கியத்தான் கொண்டாருது. அதுக்கு பணம் கட்டின வருஷம் இன்னியோட முடியுது. அஞ்சர மணிக்கு ஷட்டர் எறக்கறதுக்குள்ள ஒரே ஒரு ஆர்டர் வரட்டும், புதுப்பிக்கிறேன். இல்ல, மூடிட்டு நாளையிலேர்ந்து நீ பின்னாடி உக்காந்து வல வெட்டு."

"வல வெட்றதுக்கா மொதலாளி எங்க வூட்ல என்ன அனுப்பறாங்க? கம்ப்யூட்டர் வேலைன்னு சொல்லித்தான் பஸ் ஏறி வரேன். இது இல்லன்னா நாளைக்கே எங்க மாமியாரு களையெடுக்க இட்டுனு போயிடும்."

"அதுக்கு நான் இன்னா பண்றது?"

அப்போதுதான் இருவரும் வாசலில் நின்ற என்னைப் பார்த்தார்கள்.

"வாங்க சார்" என்றார் முதலாளி. "ஜன்னலுக்கா, கதவுக்கா?"

"வேலைக்குங்க. வெப்சைட்ட பாத்துட்டு வந்தேன்."

அவர் கத்திரிக்கோலைக் கீழே வைத்தார். "அத நம்பி வந்த மொத ஆளே நீதான்யா. நீயும் வேல கேட்டு வந்திருக்க."

"இருநூறு பேருன்னு போட்டிருந்துதுங்களே."

"எந்த இருநூறு பேரு?" என்று அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் முணுமுணுத்ததில் விஷயம் தெரிந்தது. வெப்சைட் செய்தவன் வேறு ஏதோ ஊர்க் கம்பெனியின் எழுத்துகளை அப்படியே ஒட்டிக் கொடுத்துவிட்டான், தமிழை மெஷினே போட்டுக்கொண்டது, இங்கே யாரும் அதைப் படித்துப் பார்க்கவில்லை. பிரெஞ்சு மட்டும் முதலாளி கேட்டு வாங்கிய ஆசை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்போம். சொல்தா வீட்டுக்காரர்கள் பாரிசில் உட்கார்ந்தபடி இங்கே பூட்டிக்கிடக்கிற வீட்டுக்குக் கொசுவலை சொல்வார்கள் என்று ஒரு வருஷமாகக் காத்திருந்தார். ஆள் இல்லாத வீட்டில் கொசு யாரைக் கடிக்கும் என்று கேட்க நினைத்தேன். வேலை கேட்டு வந்தவன் என்பதால் கேட்கவில்லை.

"மேடம், வழிகாட்டியும் தப்பா இருக்கு. மண்டபத்து பின்னாடி இட்டுனு போவுது" என்றேன்.

"மேடம்லாம் வாணாம், அக்கான்னே கூப்புடுங்க" என்றாள் என்னைவிடப் பத்து வயசாவது சின்னவளான அவள்.

அந்த நேரம் பார்த்து மறுபடி போன் அடித்தது. முதலாளி கேட்கட்டும் என்று அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

"அலோ, வல கம்பெனியா? கண்ணி இன்னா சைசு வச்சிருக்கீங்க? பெருசா, சின்னதா?"

அக்காவின் முகம் சிவந்துவிட்டது. "கேட்டீங்களா மொதலாளி? கன்னி இருக்காளா, பெரியவளா சின்னவளான்னு தெனம் இதே கேள்வி! தூ!"

கை போனை அணைக்கப் போனது. நான் குறுக்கே பாய்ந்து போனை எடுத்தேன்.

"அக்கா, கட் பண்ணாதீங்க. அண்ணே, சொல்லுங்க, எதுக்கு வேணும்?"

"எதுக்கா? கவலைக்குத்தான்யா. கவலைக்கு போடணும்."

"கவலைன்னா கோயிலுக்குப் போவச் சொல்லு" என்றார் முதலாளி.

"மீனுங்க" என்றேன் போனைப் பொத்திக்கொண்டு. "கவலை மீனு. கண்ணின்னா வலையில இருக்கிற ஓட்டை. எந்த மீனுக்கு எந்த அளவு ஓட்டைன்னு கேக்காம எவன் வல வாங்குவான்?"

இங்கே பேச்சில் மூணு சுழி ணகரம், ரெண்டு சுழி னகரம் என்றெல்லாம் வித்தியாசம் வராது. எழுதினால்தான் கண்ணி வேறு, கன்னி வேறு. வயலில் பிறந்து வயலில் வாக்கப்பட்டவளுக்குக் கண்ணி என்று ஒன்று இருப்பதே தெரிய வாய்ப்பில்லை. போனில் இருந்தவரிடம் இது கொசுவலை என்று சொன்னேன். "கொசு புடிக்கவாய்யா நாங்க கடலுக்குப் போறோம்?" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அக்கா வாயில் கை வைத்துக்கொண்டாள். "அப்ப நான் ஒரு வருஷமா திட்டினவங்கல்லாம்?"

"மீன்காரங்க."

"ஐயோ! ஒருத்தரு ரொம்ப மரியாதையாத்தான் கேட்டாரு. எங்க வூட்டு பொம்பளைங்களும் நேர்ல வந்து பாக்கணும்னு சொல்றாங்கன்னாரு. போலீசுல குடுத்துருவேன்னு சொன்னேனே!"

முதலாளி சிரித்த சிரிப்பில் நெற்றியில் இருந்த கண்ணாடி மடியில் விழுந்தது. ஆனால் சிரித்து முடித்ததும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றரை. "சிரிப்பு வேற, ஆர்டர் வேற" என்று மறுபடி கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டார்.

அக்காவுக்கு அழுகை போய் வேகம் வந்துவிட்டது. திட்டியவர்களை எல்லாம் பிளாக் செய்து வைத்திருந்தாள். பட்டியலைத் திறந்தால் விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. கடையைத் தேடி வந்த ஒரு வருஷத்து ஜனங்கள் அத்தனை பேரும் அந்தச் சிறையில்தான் இருந்தார்கள்.

"கடல் வல கேட்டவங்களுக்கு கொசு வலைய எப்படிண்ணே விக்கறது?"

"அவங்களுக்கும் வீடு இருக்குல்ல. வீட்ல ஜன்னல் இருக்குல்ல" என்றேன். எனக்கும் அதற்கு மேல் யோசனை கிடையாது.

ஒவ்வொருவராக விடுதலை செய்து போன் போட்டாள். முதல் ஆள் அவள் குரலைக் கேட்டதுமே, "யம்மா தாயே, நான் ஒண்ணும் கேக்கல" என்று வைத்துவிட்டார். இரண்டாவது ஆள் ஒரு வருஷத்துக்கு முன்னால் வாங்கிய திட்டை வட்டியோடு திருப்பிக் கொடுத்தார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, "மன்னிச்சிடுங்கண்ணே" என்றாள். ஏழெட்டு பேர் இப்படியே போனார்கள். மணி நாலைத் தாண்டியது. போலீசில் கொடுப்பேன் என்று சொன்ன நம்பரைக் கடைசியாகத்தான் தொட்டாள். எடுத்தது ஒரு பெண்குரல்.

"யாரு?"

"வல கம்பெனிங்க. ஐயா இருக்காரா?"

"ஓ, எம் புருஷன போலீசுல புடிச்சிக் குடுக்கறன்னவளா நீ? கடையில வல கேட்டேன், போலீசுன்றாளேன்னு வந்து சொல்லிச்சி. நான் நம்பல. எவகிட்ட இன்னா கேட்டியோன்னு ரெண்டு நாளு சோறு போடல நான்!"

அக்கா தடுமாறித் தடுமாறி கண்ணிக்கும் கன்னிக்கும் நடந்த குழப்பத்தைச் சொன்னாள். அந்தப் பெண் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு போன் அதிர்கிற மாதிரி ஒரு சிரிப்பு. "ஏய், இங்க வாய்யா, நீ யோக்கியன்தானாம்!" என்று யாரையோ கூப்பிட்டுச் சொல்வது கேட்டது. எங்களுக்கே அந்த மனுஷனைப் பார்க்கவேண்டும் போல இருந்தது.

"சரி, உங்கிட்ட கடல் வல இல்ல. இன்னா எழவத்தான் வச்சிருக்க?"

"கொசு வலைங்க." அக்கா என்னை ஒரு முறை பார்த்துக்கொண்டு, புதிதாகக் கற்ற சொல்லைத் தைரியமாகப் போட்டாள். "கண்ணி ரொம்பப் பொடிசுங்க. கொசு பூராது."

"கொசு பூராதுன்னா ஈ பூருமா?"

"ஈ எப்படிங்க பூரும்?"

"வெயிலு எறங்குமா?"

"வெயிலு, காத்து எல்லாம் எறங்கும்."

அந்தப் பெண் குருசுக்குப்பத்தில் கருவாடு போடுகிறவர். காயப்போட்ட மீனில் ஈ உட்காராமல் இருக்கப் பழைய புடவையை விரித்தால் வெயில் இறங்காமல் மீன் நாறிவிடுகிறது, புடவையை எடுத்தால் ஈ, நாள் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து துண்டை வீசவேண்டியிருக்கிறது என்றார். "கையில புடிச்சிப் பாக்காம நான் எதையும் வாங்க மாட்டேன். ஆட்டோவுல வரேன். எடத்த அனுப்பு."

அக்கா சந்தோஷத்தில் வெப்சைட்டில் இருந்த வழிகாட்டியை அப்படியே அனுப்பிவிட்டாள். அனுப்பி அரைமணி நேரம் கழித்து, "எங்க இன்னும் காணோம்" என்று அவள் வாசலுக்கு வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. போன் போட்டோம். எடுக்கவில்லை. மணி ஐந்து அடிக்கப் பத்து நிமிஷம்.

உலகத்திலேயே அந்த வழிகாட்டி எங்கே கொண்டுபோய் விடும் என்று நேரில் பார்த்துத் தெரிந்துகொண்டவன் நான் ஒருவன்தான். ஓடினேன்.

டிரான்ஸ்ஃபார்மர் முன்னால் ஆட்டோ நின்றிருந்தது. இடுப்பில் ஒரு பை, கையில் ஒரு சின்னக் கூடையோடு ஒரு நடுவயசுப் பெண், ஆட்டோக்காரரின் முகத்துக்கு நேரே விரலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"எடத்த காட்றாங்கன்னா கடைய காட்ட மாட்டாங்களாய்யா? வாய்க்காலயா காட்டுவாங்க?"

"போன் இங்கதான் சொல்லுது, நான் இன்னா பண்றது யம்மா?"

"போன் சொன்னா வாய்க்கால்ல எறங்கிடுவியா? வண்டிய திருப்பு, வூட்டுக்குப் போறேன்."

"யக்கா, வல கம்பெனி!" என்று கத்திக்கொண்டே போய் ஆட்டோவின் முன்னால் விழாத குறையாக நின்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ யாரு? மொதலாளியா?"

"இல்லக்கா. நானும் மத்தியானம் இங்கதான் வந்து நின்னேன்."

அதைக் கேட்டதும் அவருக்குக் கோபம் போய்விட்டது. ஆட்டோவில் நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார். நாங்கள் கடைக்கு வந்தபோது முதலாளி ஷட்டர் இழுக்கிற கொக்கிக் கம்பியைக் கையில் எடுத்திருந்தார். அக்கா மேஜையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. எழுந்தால் நாற்காலி போய்விடும் என்று பயந்தவள் மாதிரி அதன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வந்தவர் யாரையும் கண்டுகொள்ளவில்லை. வலையைக் கையில் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். வாயால் ஊதினார். கட்டைவிரல் நகத்தால் கீறினார். இரண்டு கையாலும் முறுக்கி இழுத்தார். பிறகு கூடையைத் திறந்து, ஒரு கை நெத்திலிக் கருவாட்டை எடுத்து முதலாளியின் கண்ணாடி மேஜைமேல் கொட்டி, வலையை அதன்மேல் விரித்தார்.

முதலாளி கர்சீப்பால் மூக்கை மூடினார். "யம்மா, இது சொல்தா வூட்டுக்காரங்க வர எடம்."

"அவங்க கருவாடு துன்ன மாட்டாங்களா?"

இரண்டு ஈ எங்கிருந்தோ வந்தது. வலைமேல் உட்கார்ந்தது, நடந்தது, ஒவ்வொரு கண்ணியாக எட்டிப் பார்த்தது. நாங்கள் நாலு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் அலுத்துப்போய் முதலாளியின் காதைப் பார்க்கப் போய்விட்டன.

"மூடி மாதிரி செஞ்சி குடு" என்றார் அந்தப் பெண். "சுத்தி சட்டம் போட்டு, தூக்கி வைக்கிற மாதிரி. மொதல்ல எனக்கு நாலு. நல்லா இருந்தா எங்க தெருவே வரும்."

அக்கா முதலாளியைப் பார்த்தாள். முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்தரைக்கு மூன்று நிமிஷம் இருந்தது. அவரும் லேசில் விடுகிற ஆள் இல்லை.

"இது போன்ல பேசி வந்த ஆர்டரு. வெப்சைட்டு ஆர்டர்னு எப்படி சொல்றது?"

அந்தப் பெண் தன் போனை எடுத்து, பனி கொட்டுகிற ஜன்னலையும் சிரிக்கிற வெள்ளைக்காரியையும் அவர் மூக்குக்கு நேரே நீட்டினார். "இதப் பாத்துத்தான் எம் புருஷன் போன் பண்ணிச்சி. பின்ன, உம் மூஞ்சியப் பாத்தா வந்தோம்?"

முதலாளி கொக்கிக் கம்பியைச் சுவரில் சாய்த்து வைத்தார். "புதுப்பிச்சிடும்மா" என்றார் அக்காவிடம். கம்ப்யூட்டரில் அவள் எதையோ அழுத்தினாள், தப்பாகப் போனது, மறுபடி அழுத்தினாள். முடிந்ததும் நாற்காலியின் கைப்பிடியை விட்டாள்.

"மொதல்ல அந்த தமிழ மாத்து" என்றார் முதலாளி. "கொசுவலைன்னு கொட்ட எழுத்துல போடு."

"மாத்தினா நான் எதுக்கு படிக்கப்போறேன்?" என்றார் வந்தவர். "வலைன்னு இருந்ததாலதான் எங்காளுங்க ஒருத்தருக்கொருத்தர் அனுப்பினாங்க. கொசுன்னு இருந்தா தள்ளிட்டுப் போயிருப்போம்."

அக்கா யோசித்தாள். பிறகு முதலாளியைக் கேட்காமலே தட்ட ஆரம்பித்தாள். அவள் தோளுக்குப் பின்னால் நின்று படித்தேன். "வலை. கொசுவுக்கும் ஈக்கும். கடலுக்கு அல்ல. கண்ணி மிகப் பொடிசு." இருநூறு ஊழியர்களை அழித்துவிட்டு மூன்று என்று போட்டாள். முதலாளியும் அவளும் சேர்த்து இரண்டுதான்.

முதலாளியும் அந்த மூன்றைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அளவெடுக்கத் தெரியுமாய்யா உனக்கு?"

"தெரியுங்க" என்றேன். தெரியாது.

அன்று கடையின் பின்பக்கம் வலைச் சுருள்களுக்கு நடுவில் படுக்கச் சொன்னார்கள். வெளியில் இருந்து ஒரு கொசுவும் வரவில்லை. உள்ளே ஏற்கெனவே இருந்தவை வெளியே போக வழியில்லாமல் விடிய விடிய என்னோடு இருந்தன.

காலையில் அளவு டேப்பும் ஒரு பென்சிலுமாகக் குருசுக்குப்பம் போனேன். அந்தப் பெண் மணலில் கருவாட்டுப் பாயை விரித்துவைத்துக் காத்திருந்தார். டேப்பின் ஒரு நுனியை அவர் பிடித்துக்கொண்டார், மறுநுனியை நான் இழுத்தேன். அதில் ஒரு ஓரத்தில் ஒரு வரிசை எண்ணும், மறு ஓரத்தில் வேறு வரிசை எண்ணும் இருந்தன. எதைப் படிப்பது என்று தெரியவில்லை. அவர் புருஷன், அந்த யோக்கியர், படகில் சாய்ந்தபடி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்ளோய்யா வருது?" என்று அந்தப் பெண் கேட்டார்.

"ஏழரை" என்றேன்.

"வேலைக்கு வந்த மொத நாளே ஏழரையா? நல்லாருக்கும்! எட்டுன்னு போட்டுக்கய்யா."

எட்டு என்று எழுதிக்கொண்டு அடுத்த பாய்க்கு டேப்பை இழுத்தேன்.